டவர் கிடைக்கிற படி

"சார், உள்ள எடுக்காது. ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

ஆவடி, கோவில்பதாகை பிரதான சாலையில் நான் வழக்கமாக மருந்து வாங்கும் கடை. அம்மாவுக்கு ஒரு மாத மருந்து, 6,240 ரூபாய். கடைக்காரர் கல்லா மேசையிலிருந்து கார்டு மிஷினை எடுத்துக்கொண்டு, இரும்பு ஷட்டரைத் தாண்டி வாசல் படிக்கு வந்தார். பேப்பர் ரோல் மூடி விடுபடாமல் இருக்க அதற்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். மூன்று படிகளில் நடுப்படியில் நின்று, மிஷினைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, இடப்பக்கமாக ஒரு சாண் நகர்த்தினார். திரையின் மூலையில் ஒரு கோடு இரண்டு கோடானது. "இப்ப காட்டுங்க."

கார்டைக் காட்டினேன். பீப் சத்தம் வந்தது. நான் பின் எண் போட வசதியாக மிஷினை இடுப்பு உயரத்துக்கு இறக்கினார். போட்டேன். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், பரிவர்த்தனை நடக்கவில்லை என்று ஒரு சிலிப் வந்தது. அதே நேரம் என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கணக்கிலிருந்து 6,240 ரூபாய் எடுக்கப்பட்டதாக வங்கியின் குறுஞ்செய்தி.

"எனக்கு வரலையே சார்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது உண்மை. வங்கி சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கும் நடுவே அம்மாவின் மருந்துப் பணம் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. அந்த இடம் எது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்கு, கார்டு மிஷினைத் தொடுகிற நொடியிலிருந்து அந்தப் பணத்தின் பின்னாலேயே போக வேண்டும்.

கார்டுக்குள் பேட்டரி கிடையாது. ஓரத்தை ஒட்டி சில சுற்றுகள் மெல்லிய கம்பிச் சுருள், அதோடு இணைந்த ஒரு சிப், அவ்வளவுதான். மிஷினுக்குள்ளும் ஒரு சுருள் இருக்கிறது. அதில் விநாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை முன்னும் பின்னுமாகப் போய்வரும் மின்னோட்டம், அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ், ஓடிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி அதே வேகத்தில் காந்தப்புலம் ஏறி இறங்கும். ஏறி இறங்கும் காந்தப்புலத்துக்குள் ஒரு கம்பிச் சுருளைக் கொண்டுபோனால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தார். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் இதே விதியில்தான் ஓடுகிறது. அதற்குள் இருக்கும் இரண்டு சுருள்களையும் எந்தக் கம்பியும் இணைக்கவில்லை. காந்தப்புலம்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரத்தைக் கடத்துகிறது. கார்டைக் காட்டும்போது, நம் கையில் இருப்பது டிரான்ஸ்ஃபார்மரின் பாதி. மிஷினில் இருப்பது மீதிப் பாதி. நான்கு சென்டிமீட்டர் அருகில் வந்ததும் இரண்டும் ஒன்றாகி, உறங்கிக்கிடந்த சிப் விழித்துக்கொள்கிறது.

சரி, விழித்த சிப் பதில் பேச வேண்டுமே? இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கார்டு எந்த அலையையும் தானாக அனுப்புவதில்லை. வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் கூடத்து விளக்கு ஒரு கணம் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கிறது, அதன் சுவடு விளக்கில் தெரிகிறது. விளக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவரும் மோட்டார் போட்டதைச் சொல்லிவிடலாம். சிப் செய்வதும் இதுதான். மிஷினின் புலத்திலிருந்து தான் இழுக்கும் சக்தியைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். மிஷின் தன் சுருளில் ஏற்படும் அந்த நுண்ணிய தளர்வை அளந்து, அதையே ஒன்றும் பூஜ்யமுமாகப் படித்துக்கொள்ளும். விநாடிக்கு ஒரு லட்சத்து ஆறாயிரம் பிட்டுகள் வரை கார்டும் மிஷினும் இப்படியே பேசிவிடுகின்றன.

சுருளிலிருந்து விலக விலக இந்தப் புலம் மிக வேகமாக வலுவிழக்கும். தூரம் இரு மடங்கானால் வலு சுமார் எட்டில் ஒரு பங்காகிவிடும். கூட்டமான பஸ்ஸில் யாரோ மிஷினோடு உரசிப் பணத்தை எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு இந்த இயற்பியலே முதல் காவல். பர்ஸோடு சேர்த்துக் காட்டும்போது மிஷின் தடுமாறுவதற்குக் காரணம் வேறு. உள்ளே இரண்டு கார்டுகள் இருந்தால் இரண்டும் விழித்து ஒரே நேரத்தில் பேசும். கார்டைத் தனியே எடுத்துக் காட்டுவதே நல்லது.

சிப் வருவதற்கு முந்தைய கார்டுகளின் முதுகில் கறுப்புப் பட்டை மட்டும்தான் உண்டு. 1960களில் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, பிளாஸ்டிக் அட்டையில் காந்த நாடாவை ஒட்ட முடியாமல் திண்டாடியபோது, அவர் மனைவி இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒட்டிக்காட்டினார் என்று சொல்வார்கள். அந்தப் பட்டையின் குறை, அது எப்போதும் ஒரே விஷயத்தையே சொல்லும். ஒருமுறை படித்தவர் அப்படியே இன்னொரு கார்டில் எழுதிவிடலாம். பெட்ரோல் பங்கில் தேய்த்த கார்டின் நகல் வேறு ஊரில் பணம் எடுத்த கதைகளெல்லாம் அந்தக் காலத்தவை. பட்டை மட்டும் இருந்த கார்டுகளை மாற்றி முடிக்க இந்திய ரிசர்வ் வங்கி 2018 டிசம்பர் 31 வரை கெடு வைத்தது.

சிப்புக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அது வெளியே வருவதே இல்லை. மிஷின் அதனிடம் தொகை, தேதி, அப்போதைக்கு உருவாக்கிய ஒரு தற்செயல் எண் ஆகியவற்றைக் கொடுக்கும். சிப் அவற்றோடு தன் வாழ்நாளில் இது எத்தனையாவது பரிவர்த்தனை என்ற கணக்கையும் சேர்த்து, சாவியால் கலக்கி, எட்டு பைட் நீளத்தில் ஒரு முத்திரை போட்டுத் தரும். அதே சாவியை வங்கியும் வருவித்துக்கொள்ள முடியும். அங்கேயும் கலக்கிப் பார்த்து, இரண்டு முத்திரையும் ஒன்றாக இருந்தால்தான் கார்டு அசல். யாராவது நடுவில் புகுந்து முத்திரையைத் திருடினாலும் அது அந்தத் தொகைக்கும் அந்த ஒரு தடவைக்கும் மட்டுமே செல்லும். நாளைக்கு அது வெற்று எண்.

5,000 ரூபாய் வரை பின் எண் கேட்காமலே டேப் செய்யலாம். 2015இல் 2,000 ஆக இருந்த இந்த வரம்பை 2021 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி உயர்த்தியது. என் தொகை அதைத் தாண்டியதால் பின் கேட்டது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் ஓய்வூதியக் குடும்பங்கள் நிறைய. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கிகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவர்களும், அவர்கள் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்தில் இருக்கும் அம்மாக்களும். "பின் நம்பர் சொல்லுங்கம்மா, நானே போடுறேன்" என்று கடையில் கேட்பார்கள்; அந்த அம்மாவும் பத்துப் பேர் காதில் விழும்படி நான்கு எண்ணையும் சொல்வார். கேட்கிறவர் பெரும்பாலும் உதவும் எண்ணத்தில்தான் கேட்கிறார். ஆனால் அந்த மிஷினை வடிவமைத்தவர்கள் எத்தனை பாடுபட்டு அந்த நான்கு எண்களைக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவருக்கே கேட்க மனம் வராது.

பொத்தானில் அழுத்திய எண், மிஷினின் சாதாரண நினைவகத்துக்குக்கூடப் போவதில்லை. பொத்தான் பலகையோடு ஒட்டிய ஒரு காப்புப் பகுதியிலேயே அது மறைகுறியாகிவிடும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய சாவி; பயன்படுத்திய சாவி அழிந்துவிடும். இன்றைய சாவி ஒருவர் கையில் சிக்கினாலும் நேற்றைய பின் எண்ணை அவரால் பிரிக்க முடியாது. பெட்டியைத் திருப்புளி வைத்துத் திறக்க முயன்றால், உள்ளே இருக்கும் உணர்விகள் அதைக் கண்டுகொண்டு சாவிகள் எல்லாவற்றையும் அழித்துவிடும். மிஷினை அணைத்து வைத்திருக்கும்போதும் இந்தக் காவலுக்கென்று தனியே ஒரு சின்ன பேட்டரி உண்டு. பலமாகக் கீழே விழுந்தாலும் சில மிஷின்கள் தம்மை யாரோ உடைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு சாவியை அழித்துவிட்டு வெறும் பெட்டியாகிவிடும். "கீழ விழுந்தா போச்சு சார், கம்பெனிக்காரன் வந்து மாத்தித் தர்ற வரைக்கும் வியாபாரம் படுத்துடும்" என்று என் கடைக்காரர் சொன்னதன் காரணம் இதுதான். அந்த ரப்பர் பேண்டை அவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதையும் பிறகு கவனித்தேன்.

இனி காற்றில் பயணம். மிஷினுக்குள் ஒரு சிம் இருக்கிறது. அது அனுப்பும் சேதி மிகச் சிறியது, சில நூறு பைட்டுகள். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ரோஜாப்பூப் படம் இதைவிட நூறு மடங்குக்கு மேல் பெரியது. பழைய 2ஜி இணைப்பே இதற்குப் போதும். அப்படியிருக்க, எதற்குப் படியேறி இறங்க வேண்டும்?

கடைக்குள் இரும்பு ஷட்டர், இரும்பு அலமாரிகள், மருந்துக் குளிர்பெட்டி, தூண்களுக்குள் முறுக்குக் கம்பி. ரேடியோ அலைக்கு இவையெல்லாம் சுவர். ஆனால் வெளியே வந்த பிறகும் ஏன் ஒரு சாண் நகர்த்தினார்? டவரிலிருந்து வரும் அலை ஒரே வழியாக வருவதில்லை. எதிர்வீட்டுச் சுவரில் மோதி ஒன்று, நிற்கும் வேனில் மோதி ஒன்று, நேராக ஒன்று என்று பல வழியாக வந்து, சற்றே முன்பின்னாகச் சேர்கிறது. மேடும் மேடும் சேர்கிற இடத்தில் சிக்னல் வலுக்கும். மேடும் பள்ளமும் சேர்கிற இடத்தில் ஒன்றையொன்று விழுங்கிவிடும். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். வலுவான இடத்துக்கும் அடுத்த வலுவான இடத்துக்கும் தூரம் அதில் ஏறக்குறையப் பாதி, அதாவது நாலு விரற்கடை. 900 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வாசல் படியின் மேலே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் நாலு விரற்கடைக்கு ஒன்றாக நிரம்பிக் கிடக்கின்றன. கடைக்காரர் மாதக்கணக்கில் கையாலேயே அந்த நிலத்தை அளந்து வைத்திருக்கிறார். சூத்திரம் தெரியாமலே அவர் கண்டுபிடித்த அளவும் சூத்திரம் தரும் அளவும் பொருந்திவந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சேதி காற்றைக் கடந்ததும் வேகம் பிடிக்கிறது. கடைக்காரருக்கு மிஷின் கொடுத்த வங்கிக்கு முதலில் போகும். கார்டு எண்ணின் முன்பகுதி இது யார் கொடுத்த கார்டு என்று சொல்லிவிடும். அதைப் பார்த்து விசா, மாஸ்டர்கார்டு, அல்லது 2012இல் தொடங்கிய நம் ரூபே ஆகியவற்றில் ஒன்றின் வலையமைப்பு வழியாக என் வங்கிக்குப் போய்ச் சேரும். அங்கே முத்திரை சரிதானா, பின் சரிதானா, கணக்கில் பணம் உண்டா என்று பார்த்து, ஈரிலக்கப் பதில் ஒன்று கிளம்பும். 00 என்றால் சம்மதம். 51 என்றால் பணம் போதாது. 55 என்றால் பின் தவறு. 91 என்றால் கார்டு கொடுத்த வங்கியின் கணினி பதில் சொல்லவில்லை. பரிவர்த்தனை நடக்காதபோது வரும் சிலிப்பிலோ திரையிலோ இந்த எண் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் மீது கோபப்பட வேண்டுமா, வங்கி மீதா, நம் ஞாபக மறதி மீதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

என் வங்கி 00 என்றுதான் சொன்னது. பணத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. அந்த 00 திரும்பி வரும்போதுதான் வழியில் விழுந்தது. பின் போடுவதற்காக மிஷின் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியதே, அங்கே ஒரு பள்ளத்தில் அது மாட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். கேள்வி போய்ச் சேர்ந்தது, பதில் வந்து சேரவில்லை.

இதைப் பொறியியல் கோளாறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இதற்குப் பின்னால் ஒரு கணிதச் சுவர் இருக்கிறது. எங்கள் ஊர் ஏரியையே எடுத்துக்கொள்வோம். ஐப்பசி அடைமழை. இரண்டு கோடியில் இரண்டு மதகுகள், மதகுக்கு ஒரு ஆள். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் கரை பிழைக்கும். ஒன்று மட்டும் திறந்தால் இருக்கிற நிலைமையைவிட மோசம். முதல் ஆள் ஒரு பையனிடம் "பத்து மணிக்குத் திறக்கிறேன், நீயும் திற" என்று சொல்லியனுப்புகிறார். வழியில் கலிங்கல் வெள்ளம். பையன் கடந்தானா தெரியாது. இரண்டாவது ஆள் "சரி" என்று பதில் சொல்லியனுப்புகிறார். அந்தப் பதில் போய்ச் சேர்ந்ததா என்று இவருக்குத் தெரியாது. சேரவில்லை என்றால் அங்கே திறக்க மாட்டார்கள். ஆகவே இவரும் திறக்கத் தயங்குவார். "உன் சரி கிடைத்தது" என்று மூன்றாவது சேதி வந்தாலும், அதை அனுப்பியவருக்கு அதே சந்தேகம். நூறு முறை பையன் ஓடினாலும் கடைசியாக ஓடிய ஓட்டத்தைப் பற்றிய சந்தேகம் மிஞ்சும். சேதி தொலையக்கூடிய வழி ஒன்றின் இரு முனையிலும் இருப்பவர்கள் முழு நிச்சயத்தோடு ஒப்பந்தத்துக்கு வரவே முடியாது. கணினி அறிஞர் ஜிம் கிரே 1978இல் இதற்கு இரண்டு தளபதிகள் சிக்கல் என்று பெயர் வைத்தார். எவ்வளவு செலவழித்தாலும், எத்தனை ஜி வந்தாலும் இந்தச் சந்தேகத்தை அடியோடு ஒழிக்க முடியாது. தவறு நடக்கும் என்று ஏற்றுக்கொண்டு, நடந்தால் எப்படிச் சரிசெய்வது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்வதுதான் வழி.

அந்த ஏற்பாடு மிஷினுக்குள்ளேயே இருக்கிறது. குறித்த விநாடிகளுக்குள் பதில் வராவிட்டால், மிஷின் அதை நடக்காததாக எடுத்துக்கொண்டு, "நான் கேட்டதை ரத்து செய்" என்று இன்னொரு சேதியை அனுப்ப முயலும். அதுவும் போகவில்லையென்றால் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த வாடிக்கையாளரின் கார்டை எடுப்பதற்கு முன் முதல் வேலையாக அதை அனுப்பும். அதுவும் தவறினால், கடைக்காரர் தரப்பு வங்கியின் கணக்கையும் என் வங்கியின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இந்த 6,240 ஒரு பக்கத்தில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பணம் எங்கேயும் தொலையவில்லை. என் வங்கியில், என் கணக்குக்கு வெளியே, உரிமை கோர ஆளில்லாமல் காத்திருந்தது.

எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. கடை மிஷினில் கார்டு போட்டு, பணம் கழிந்து, கடைக்கு உறுதிச்சேதி வராமல் போனால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும். தவறினால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, நாம் கேட்காமலே கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த விதி எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் தெருவில் நான் கேட்ட எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. "போன பணம் வருமா என்னவோ" என்று மனதைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. சிலிப்பில் ஆர்ஆர்என் என்று போட்டு 12 இலக்க எண் இருக்கும். புகார் கொடுக்கும்போது அதுதான் பிடிமானம். அந்தச் சிலிப் மையில்லாத, சூட்டால் கறுக்கும் காகிதம். வெயில்பட்ட பைக் பெட்டியில் கிடந்தால் எழுத்து போய்விடும். வாங்கியதும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நான்காம் நாள் காலை பணம் வந்துவிட்டது.

டவரே தேவைப்படாத வழியும் ஒன்று உண்டு. அதைப் பார்க்க ஆவடியில் பஸ் ஏறினால் போதும். மெட்ரோவில் 2023 ஏப்ரலில் அறிமுகமான சிங்காரச் சென்னை அட்டை, 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்துகளிலும் செல்கிறது. நடத்துநர் கைமிஷினில் தொட்டதும் சீட்டு வருகிறது, வட்டம் சுற்றுவதில்லை. காரணம், அதில் பணம் வங்கிக் கணினியில் இல்லாமல் சிப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. மிஷின் சிப்பிடமே கேட்டு, சிப்பிலேயே கழித்துவிடும். வங்கிக்குக் கணக்கு பிறகு போய்ச் சேரும். ஓடும் பஸ்ஸில், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் நாற்பது பேருக்குச் சீட்டு கிழிக்க வேறு வழியில்லை. பதிலுக்கு நாம் ஏற்கும் நிபந்தனை, அட்டை தொலைந்தால் அதற்குள் இருந்த தொகை சில்லறைப் பர்ஸ் தொலைந்த மாதிரி போனதுதான். அதனால்தான் அதில் சிறு தொகையே வைக்க விடுகிறார்கள். மருந்துக்கடைக்கு இது ஒத்துவராது.

எல்லாரும்தான் போனிலேயே க்யூஆர் பார்த்து அனுப்புகிறார்களே, இந்த மிஷின் எதற்கு என்று கேட்கலாம். கடைக்காரர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள்; யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் அவர்களிடம் கட்டணம் கிடையாது. மற்ற டெபிட் கார்டுகளுக்கு ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் 0.40 சதவீதம் வரை, அதற்கு மேல் 0.90 சதவீதம் வரை கொடுக்க வேண்டும். ஆனாலும் ஸ்மார்ட்போன் பழகாத, ஓய்வூதியக் கணக்கின் கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிற அம்மாவுக்கு, அந்த மிஷின்தான் வங்கி. என் கடைக்காரர் மாத வாடகை கட்டி அதை வைத்திருப்பது அவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

பணம் திரும்பி வந்த அன்று மாலை கடைக்குப் போனேன். பாக்கியைக் கொடுத்துவிட்டு, நாலு விரற்கடைக் கணக்கை அவரிடம் சொன்னேன். படியில் நின்று கையை விரித்துப் பார்த்தார். "அப்ப பின் போடும்போது கீழ இறக்கக் கூடாதா?" என்றார்.

"இறக்கலாம். போட்டு முடிச்சதும் மறுபடி இதே இடத்துக்குத் தூக்கிடுங்க. பதில் வர்ற வரைக்கும்."

அந்த நேரம் ஒரு பாட்டி மருந்துச் சீட்டோடு வந்தார். கடைக்காரர் மிஷினை அவரிடம் நீட்டி, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். பாட்டி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாகத் தேடி அழுத்தினார். நான்காவது அழுத்தல் முடிந்ததும் கடைக்காரர் மிஷினை வாங்கி, தோளுக்கு மேலே, இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.